வேலிக்கு இந்தப் பக்கம் நாலடி

அன்று மன்றத்தில் இருந்தவர்களாகப் பதிவேட்டில் ஆறு பெயர்கள் எழுதப்பட்டன.

நடுவர் ஜெனிற்றா பொன்னையா.
காணி கோருபவர் தையல்நாயகி, வயது எழுபத்தைந்து.
அவருடைய தம்பி சற்குணராசா, வயது அறுபத்தெட்டு.
தையல்நாயகியின் மகள் சாம்பவி.
பக்கத்து வளவை வாங்கிய எதிர்த்தரப்புக் கம்பனிக்காகச் சட்டத்தரணி யூட் அன்ரனி.
நினைவு எடுக்கும் பகுதிக்குப் பொறுப்பான நிரூபன்.

கனடாவின் ஸ்காபரோவில் அந்தக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் கொத்துரொட்டிக் கடை, மேல்தளத்தில் காணி மீட்பு மன்றம். கொத்துப் போடும் தகரச் சத்தம் தரை வழியாக ஏறி வந்துகொண்டிருந்தது. மாசி மாதம். வெளியே வாகனத் தரிப்பிடத்தில் உப்புப் போட்ட பனி கறுத்துச் சேறாகிக் கிடந்தது.

நிரூபன் அறிக்கையை வாசித்தான்.

"புளியங்கடவை கிழக்கு. ரெண்டரைப் பரப்பு வளவு. வடக்கை ஒழுங்கை, மேற்கை பங்குக் கிணறு. கிழக்கு எல்லை..." நிறுத்தினான். "கிழக்கு எல்லை ரெண்டு இடத்திலை இருக்கு மேடம்."

"விளங்கேல்லை," என்றார் நடுவர்.

"அம்மான்ர நினைவிலை வேலி முதல் ஒரு இடத்திலை நிக்குது. ஊரை விட்டு வெளிக்கிட முந்தின ஒன்பது மாதமும் நாலடி தள்ளி நிக்குது. வேலி நகர்ந்த நாளை அவ காணேல்லை. ஒருநாள் இஞ்சை, மற்ற நாள் அங்கை."

யூட் அன்ரனி கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "எங்கட ஊரிலை கதியாலுக்குக் கால் முளைக்கிறது புதுசில்லை மேடம். ஆனா நாலடி எண்டா அது நடக்கேல்லை, ஓடியிருக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். பூவரசும் கிளுவையும் வெட்டி நட்ட உயிர்த்தடிகள்தான் ஊர் வேலி. அந்தத் தடிகளுக்குக் கதியால் என்று பெயர். வருடா வருடம் வேலி அடைக்கும்போது ஒரு சாண் அடுத்த வளவுக்குள் தள்ளி நடுவது ஊரில் பாதிப்பேருக்குப் பழக்கம்; அதற்காக நீதிமன்றம் போவது மீதிப்பேருக்குப் பழக்கம். எல்லோரையும்விடக் கூடுதலாகச் சிரித்தது தையல்நாயகிதான். தம்பி சற்குணம் சிரிக்கவில்லை. அக்காவின் பல் தெரிகிற சிரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பத்தெட்டு வருடம் அந்த முகத்தில் அது இருக்கவில்லை. போன ஐப்பசிக்குப் பிறகுதான் வந்தது.

போரில் வீடுகளோடு காணி உறுதிப் பத்திரங்களும் எரிந்தன. காணிப் பதிவுக் கந்தோரில் இருந்த பிரதிகளும் மிஞ்சவில்லை. கடைசியில் ஒருநாள், ஊருக்குத் திரும்பலாம், காணியை எடுக்கலாம் என்று சொன்னபோது கையில் ஒரு துண்டுக் கடதாசிகூட இல்லாமல் உலகம் முழுக்கச் சனம் நின்றது. எந்த மூலையில் எந்த மரம், எத்தனையாவது படியில் வெடிப்பு என்று எல்லாம் தலைக்குள் இருந்தது. தலையை வாசிக்க ஒரு கருவி வந்தது. நினைவில் இருக்கும் ஓர் இடத்தை அடி அங்குலமாக அளந்து வரைபடமாகத் தரும்.

முதல் இரண்டு வருடம் அது நினைவைப் படியெடுத்துவிட்டு, நினைவை அப்படியே தலையில் விட்டுவைத்தது. நம் ஆட்கள் விடுவார்களா? ஒரு கிழவர் தன் வளவைப் பத்து மருமக்களுக்கு மாதக்கணக்கில் பாடம் சொல்லிக்கொடுத்தார். பத்துப் பேரும் வந்து ஒரே வளவைக் கேட்டார்கள். சட்டம் மாறியது. இனிமேல் நினைவைப் பிடுங்கித்தான் எடுக்க வேண்டும். சொல்லிக்கொடுத்த நினைவுக்கு வேர் கிடையாது. பிடுங்கினால் ஒன்றும் வராது. உண்மையாக வாழ்ந்த நினைவு வேரும் மண்ணுமாகக் கிளம்பி வரும். வந்த பிறகு அந்த இடம் அந்தத் தலையில் இருக்காது. காணி கிடைக்கும்.

சனம் அதை நினைவு குடுக்கிறது என்று சொன்னது, இரத்தம் குடுக்கிறது என்பது மாதிரி. கொடுத்துவிட்டு வந்தவர்கள் நன்றாகத் தூங்கினார்கள். போன கோடையில் புளியங்கடவைச் சங்கத்தின் ஒன்றுகூடல் பூங்காவில் நடந்தது. பாதிப்பேர் கையில் புது உறுதி. ஊர்ப் பிள்ளையார் கோயில் படத்தைப் பெரிதாக அடித்துக் கட்டியிருந்தார்கள். சங்கத் தலைவர் அதை அண்ணாந்து பார்த்துவிட்டு, "நல்ல கோயில், எந்த ஊரிலை?" என்று செயலாளரைக் கேட்டார். சங்கம் அதோடு படுத்துவிட்டது.

தையல்நாயகி கனடாவில் வீடு வாங்கவில்லை. வாங்க வசதி வந்தபோதும் வாங்கவில்லை. பதினோராம் மாடியில் வாடகைக்கு இருந்தார். ஒரு பூச்சட்டிகூட வைத்ததில்லை. சொந்தக்காரர்கள் ஊர் ஊர் என்று உருகும்போது எழுந்து குசினிக்குள் போய்விடுவார். ஒரே ஒருமுறை சற்குணத்திடம் சொன்னார், "உங்களுக்கு ஊர். எனக்கு நாலடி."

அந்த நாலடியில் அவருடைய மூத்த பிள்ளை வாகீசன் கிடந்தான். ரெண்டரை வயது. காய்ச்சல் வந்து மூன்றாம் நாள் போய்விட்டான். ஆசுபத்திரிக்குப் போகிற பாதை பூட்டியிருந்தது. சுடலைக்குப் போகிற பாதையும் பூட்டியிருந்தது. கிழக்கு வேலி ஓரம் குழி வெட்டித் தாட்டார்கள்.

போன ஐப்பசியில், நினைவு கொடுக்கப் போவதற்கு முதல்நாள், அக்கா சற்குணத்தைக் கூப்பிட்டார்.

"பிள்ளையையும் மறந்திடுவன் போல."

"போல இல்லை அக்கா. மறந்திடுவீங்கள். அவன் பிறந்தது தவண்டது எல்லாம் அந்த வளவுக்கைதான்."

"வேலி தாண்டேல்லை என்ர பிள்ளை." அவர் அழவில்லை. வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார். "குடுக்காட்டிக் காணி போகும். கம்பனிக்காரன் அந்த எல்லையாலைதான் தண்ணிக் குழாய்க்குக் கிடங்கு வெட்டப்போறான். எட்டடி ஆழமாம். நான் மறந்தாலும் அவன் கிடக்கோணும். விளங்குதே? நீ எனக்குச் சொல்லோணும். அங்கை கூட்டிக்கொண்டு போய், இதிலைதான் எண்டு காட்டோணும்."

"சொல்லுறன்."

"கையிலை அடி."

சற்குணம் சத்தியமாக அடித்துக்கொடுத்தார். அக்கா தம்பியை நம்பினார், தன்னை நம்பவில்லை. தம்பியின் கையெழுத்து இல்லாமல் ஓர் அடிகூட விட்டுக்கொடுக்க முடியாது என்று அன்றே மன்றத்துக்கு எழுதியும் வைத்தார்.

கொடுத்து இரண்டு கிழமை கழித்துச் சற்குணம் போய்ச் சொன்னார். தையல்நாயகி தேத்தண்ணி ஆற்றிக்கொண்டே கேட்டார்.

"ஐயோ, ரெண்டரை வயசோ? பாவம். ஆற்றை பிள்ளை?"

"உங்கட பிள்ளை அக்கா."

"அப்பிடியே?" என்றார். சீனி போட்டார். "எனக்குச் சாம்பவி ஒண்டுதானே."

அவனை நினைத்து அழுத வருடங்கள் எல்லாம் வேரோடு சேர்ந்து போயிருந்தன. சற்குணம் இரண்டாம் முறையும் சொன்னார். மூன்றாம் முறை, அவன் தண்ணீருக்கு என்ன பெயர் சொன்னான், எந்தப் படியில் இருந்து விழுந்தான் என்று எல்லாவற்றையும் சொன்னார். அப்போது அக்கா கொஞ்சம் அழுதார், தொலைக்காட்சித் தொடருக்கு அழுகிற அளவுக்கு. பிறகு, "நீ சாப்பிட்டியோ?" என்று கேட்டார். சாம்பவி லிப்ட் வரை கூடவந்தாள்.

"மாமா, அம்மா இப்பதான் நித்திரை கொள்ளுறா. நான் பிறந்ததிலை இருந்து அவ முழுசா ஒரு இரவு நித்திரை கொண்டு நான் பாக்கேல்லை. இனி இந்தக் கதையோட வராதேங்கோ. பிளீஸ்."

அவள் சொன்னதில் பிழை இல்லை. அதற்குப் பிறகு போகவில்லை.

இப்போது நடுவர் பேனாவை மூடினார். "விதி சிம்பிள். ஒருவற்றை நினைவு ஒரு எல்லையிலை முரண்பட்டா, அந்த இடத்துக்கு ரெண்டாவது ஆளின்ர நினைவு வேணும். அல்லது நாலடியை விட்டிட்டு மிச்சத்தை எடுங்கோ. இண்டைக்கே எழுதித் தாறன். சித்திரையிலை அங்கை போய்ப் பொங்கலாம்."

"விடுங்கோ," என்றார் தையல்நாயகி. "ரெண்டரைப் பரப்பிலை நாலடி போனா என்ன? எனக்கு வெயில் இருந்தாக் காணும். இஞ்சை முழங்கால் விறைக்குது."

"இல்லை," என்றார் சற்குணம்.

"நீ ஆரடா இல்லையெண்ண? என்ர சீதனக் காணி."

நடுவர் கடதாசியைத் தூக்கிக் காட்டினார். "தம்பி ஒப்பம் வைக்காம விடேலாதெண்டு நீங்கள்தான் எழுதித் தந்திருக்கிறியள் அம்மா."

"நானோ? எனக்கென்ன விசரே?" தையல்நாயகி மகளைப் பார்த்தார். மகள் மாமாவைப் பார்த்தாள். அது கெஞ்சலா கோபமா என்று பிரித்தறிய முடியாத பார்வை.

நடுவர் அரை மணித்தியாலம் கொடுத்தார்.

கீழே கடையில் யூட் அன்ரனி தானாகவே வந்து சற்குணத்துக்கு எதிரே இருந்தார். இரண்டு பிளேன்ரீ சொன்னார்.

"அண்ணை, கம்பனிக்காகக் கதைக்கேல்லை. நாலடியை விடுங்கோ. வேலியைத் தள்ளினது நீங்கள் எண்டு எனக்குத் தெரியும். இருபது வயசிலை எல்லாரும் செய்தது."

"நான்தான் தள்ளினன்."

"பாத்தியளே."

"வல்லிபுரத்தாரும் கூட நிண்டவர்."

யூட்டின் கை கோப்பையில் நின்றது. பக்கத்து வளவுக்காரர் வல்லிபுரத்தார். அவருடைய பேரப்பிள்ளைகள் பாரிசிலிருந்து விற்றுத்தான் கம்பனிக்கு அந்தக் காணி போயிருந்தது.

"தன்ர காணிக்கை வேலியைத் தள்ள அவரே நிண்டவரோ? ஏன்?"

சற்குணம் சொன்னார். நீட்டவில்லை. நாலு வசனம்.

கொத்துச் சத்தம் நின்று மறுபடி தொடங்கியது. "கிளறி எடுத்து வேற இடத்திலை வைக்கலாமே," என்றார் யூட் தாழ்ந்த குரலில்.

"ரெண்டரை வயசு. நாப்பத்தெட்டு வருசம். எதை எடுக்கிறது? மண்ணைத்தான் அள்ளோணும்."

"இதை நான் மேலை போய்ச் சொன்னாலும் வாய்ச்சொல் செல்லாது. பிள்ளை தாட்டது எண்டு சொல்லி நாயின்ர எலும்பு காட்டினவையும் இருக்கினம். கம்பனி சந்தோசமாத் தோண்டிப் பாப்பம் எண்டு சொல்லும். அவை தோண்டத்தானே நிக்கினம்." யூட் கண்ணாடியைத் துடைத்தார், அழுக்கு இல்லாத கண்ணாடியை. "குடுக்கோணும் அண்ணை. வல்லிபுரத்தார் தந்தது உங்கட தலையிலை மட்டும்தான் இருக்கு."

"அந்த ஒரு நாளை மட்டும் எடுக்கேலாதோ?"

"வளவைத்தான் எடுக்கிறது. வளவுக்கை நடந்ததெல்லாம் வரும். என்ர அப்பா குடுத்தவர். ஆச்சி செத்தது அந்த வீட்டிலை. இப்ப ஆச்சின்ர படத்தைக் காட்டினா, வடிவான மனிசி எண்டுறார்."

"நானும் குடுத்தா, பிறகு ஆர் அழுறது?"

யூட் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். காசைத் தான் கொடுத்துவிட்டு எழுந்தார்.

சற்குணம் மேலே போகவில்லை. தேத்தண்ணி ஆறிப்போனது. இரண்டு வழிதான் இருந்தது. நாலடியை விட்டுவிட்டால் வாகீசன் இவர் தலைக்குள் இருப்பான். இவருடைய மிச்ச நாள்கள் முழுக்க இருப்பான். அங்கே யந்திரம் எட்டடி வெட்டி அந்த மண்ணை லொறியில் ஏற்றிக் கொண்டுபோய் எங்கோ பள்ளம் நிரப்பும். கொடுத்துவிட்டால் மண் அங்கேயே கிடக்கும். அது என்ன மண் என்று உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. அக்காவுக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. எழுதிவைக்கலாம்தான். மூன்றுமுறை வாயால் சொன்னதற்கே பாவம் என்றுதான் பதில் வந்தது. கடதாசி அதைவிடக் கூடுதலாகச் சொல்லப்போவதில்லை. நாளைக்கு இவரே அதை வாசித்துப் பாவம் என்பார்.

ஒருமுறை முழுதாக நினைத்துப் பார்த்தார். கடைசி முறையாக இருக்கலாம் என்பதால் கவனமாக நினைத்தார்.

விடிந்து கொஞ்ச நேரம். எங்கோ செல்குண்டு விழுகிற சத்தம், தூரம்தான். அக்கா உள்ளே தரையில் கிடந்தார், எழும்ப முடியவில்லை. அத்தான் கொழும்பில். பிள்ளையை அக்காவின் நீலச் சேலையில் சுற்றியிருந்தது. வளவு முழுக்கச் சுண்ணாம்புக் கல், குழி வெட்ட இரும்பு அலவாங்கு இறங்கவில்லை. மூன்று இடத்தில் முயன்றார். கை கிழிந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் வல்லிபுரத்தார் புகையிலை நடும் தறை, கொத்திக் கொத்திப் பதமான செம்மண். வல்லிபுரத்தார் வேலிக்கு மேலால் பார்த்துக்கொண்டு நின்றார். இரண்டு வீட்டுக்கும் ஏழு வருடமாகக் கதை பேச்சில்லை, இதே வேலியால்தான். அவர் ஆள் நுழையும் வேலிப் பொட்டை விலக்கிக்கொண்டு வந்து அலவாங்கை வாங்கினார். தன் தறையில் தானே வெட்டினார். மூடி முடிய, கையில் இருந்த மண்ணைத் தட்டினார்.

"பிள்ளை மற்றவன்ர வளவுக்கை கிடக்கக்கூடாது. கதியாலைப் பிடுங்கு தம்பி. இஞ்சாலை தள்ளி நடுவம். இனி இது உங்கட."

வெயில் ஏறும்வரை இருவரும் வேலி நட்டார்கள். ஒன்பது மாதத்தில் எல்லோரும் ஊரைவிட்டு ஓடினார்கள். வல்லிபுரத்தார் போன வழியில் இறந்தார் என்று பிறகு கேள்வி.

நினைத்து முடிந்ததும் சற்குணம் எழுந்து மாடிப்படி ஏறினார்.

நிரூபன் படிவத்தை நீட்டினான். பெயர், வயது, இடம். கடைசியில், உறுதியில் சேர்க்க வேண்டிய நிபந்தனை ஏதும் உண்டா என்று ஒரு பெட்டி. சற்குணம் தெளிவான கையெழுத்தில் எழுதினார்: கிழக்கு எல்லையில் நாலடி நிலத்தை எவரும் எக்காலத்திலும் தோண்டக்கூடாது. அதன் கீழே காரணம் என்று ஒரு கோடு. அதில் எழுதினார்: தெரியாது.

"ஐயா, காரணம் தெரியாதெண்டு எழுதினா எப்பிடி?"

"ரெண்டு மணித்தியாலம் கழிச்சுக் கேளும் தம்பி. நான் அதைத்தான் சொல்லுவன்."

நிரூபன் அவரைப் பார்த்தான். பிறகு முத்திரையைக் குத்தினான். யூட் அன்ரனி எதிர்ப்பு இல்லை என்று கையெழுத்து வைத்தார். கம்பனி அவரை அதற்காக என்ன செய்யும் என்பது அவர் கவலை, முகத்தில் காட்டவில்லை.

"மாமா, உண்மையா வேணுமோ?" என்றாள் சாம்பவி. அவளுக்கு ஏதோ புரிந்திருந்தது. அவளுக்கு ஒரு அண்ணன் இருந்தான் என்பதை அவள் ஒரு கதையாகத்தான் அறிவாள். "நான் ஞாபகம் வச்சிருப்பன், மாமா. நீங்கள் அம்மாக்குச் சொன்னதெல்லாம் எனக்குத் தெரியும்."

"சரி பிள்ளை," என்றார். அவள் நல்ல பிள்ளை. ஆனால் அவள் அவனைத் தூக்கியதில்லை. காய்ச்சலில் அவன் கழுத்து எவ்வளவு சுட்டது என்று அவளுக்குத் தெரியாது.

நினைவு எடுக்கும் அறை நடைபாதை ஓடையின் கோடியில் இருந்தது. தையல்நாயகி தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தார், பயந்த பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போவது போல.

"ஊசிகூட இல்லை. படுத்திருந்தாக் காணும். எழும்பினாப் பிறகு உடம்பு பஞ்சு மாதிரி. நானே சொல்லுறன், நீ பாவி, இவ்வளவு காலமும் எதையோ சுமந்துகொண்டு திரியிறாய். முகத்தைப் பாத்தாத் தெரியுது."

"ஓம் அக்கா."

"முடிய ரோல்ஸ் வாங்கித் தாறன். கீழை நல்லாப் போடுறாங்கள்."

"ஓம்."

கதவடியில் அவர் சுவெற்றரைக் கழற்றி அக்காவிடம் கொடுத்தார். கை மணிக்கூட்டைக் கொடுத்தார். பொக்கற்றில் இருந்த சில்லறையைக் கொடுத்தார். அக்கா எல்லாவற்றையும் நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டார்.

"அது சரி, எனக்கு மட்டும் சொல்லு. அந்த நாலடிக்கை அப்பிடி என்னடா கிடக்கு?"

சற்குணம் அந்த முகத்தைப் பார்த்தார். கையில் அடித்துக் கொடுத்த சத்தியத்தை மூன்றுதரம் காப்பாற்றியாயிற்று. நாலாம் தரமும் அதே பதில்தான் வரும். அதை இன்னொருமுறை காதால் கேட்டால் இந்தக் கதவுக்குள் காலை வைக்க முடியாது.

"ஒண்டுமில்லை அக்கா. வேலி."

"விசரன்," என்று சிரித்தார் தையல்நாயகி. "வெளியிலை வந்து, நீங்கள் ஆர் எண்டு என்னைக் கேட்டிடாதை, என்ன?"

சற்குணம் உள்ளே போய் ஒடுக்கமான கட்டிலில் இருந்தார். செருப்பைக் கழற்றிச் சுவரோரம் சோடியாக வைத்தார். கண்ணை மூடிக்கொண்டார். அவருடைய உதடு அசைவதை நிரூபன் கண்டான். ஏதோ ஒரு பெயர் என்று நினைத்தான், கேட்கவில்லை. பாதியில் பயந்து எழும்பி ஓடுகிறவர்கள் உண்டு என்பதால் வெளியிலிருந்து பூட்டுவதுதான் அங்கே வழக்கம். நிரூபன் கதவைச் சாத்தினான். சாவியை இரண்டு முறை திருப்பிப் பூட்டினான்.